அம்மா, 1846 படங்கள்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு லேபிள் அக்கா என்று பெயர். பதினெட்டு வருடமாக அவள் கையால் சீட்டு ஒட்டிய குழாய் ஒன்றுகூட ஆள் மாறிப் போனதில்லை. காலை ஆறரைக்கே வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் நிற்கிறவர்களுக்கு நல்ல வார்த்தை வாயில் வராது. பெயரைக் கேட்டால் வயதைச் சொல்வார்கள், வயதைக் கேட்டால் வியாதியைச் சொல்வார்கள். அவள் ஒவ்வொருவரையும் இரண்டு தடவை கேட்டு, குழாயில் சீட்டை ஒட்டி, ஒட்டியதை மறுபடி படித்துப் பார்த்த பிறகுதான் தட்டில் வைப்பாள். மத்தியானம் ஆவதற்குள் முழங்காலுக்குக் கீழே தனக்கு ஒன்றும் இல்லை என்பது போல ஆகிவிடும்.

அப்பேர்ப்பட்ட லேபிள் அக்கா தன் சொந்த வீட்டில் ஆள் மாற்றி ஒட்டினாள்.

எல்லாம் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் தொடங்கியது. மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். மகள் என்று சொன்னாலும் லேபிள் அக்கா பெற்ற பெண் அல்ல. கணவரின் முதல் மனைவி பெற்றது. அந்த அம்மாள் காய்ச்சலில் போனபோது மகளுக்கு ஆறு வயது. இவள் இந்த வீட்டுக்கு வந்தபோது ஒன்பது. இப்போது இருபத்திரண்டு. இந்தப் பதிமூன்று வருடத்தில் இருவருக்கும் இடையே ஒரு சண்டை வந்தது கிடையாது. அதுதான் இவளுக்குக் குறை. பெற்ற பெண்ணாக இருந்தால் வாரத்துக்கு ஒரு தடவையாவது முறைத்துக்கொண்டு கதவைச் சாத்தியிருக்கும். மகளோ பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போல மரியாதையாகப் பேசுவாள். எது வேண்டுமென்றாலும் அப்பா வழியாகத்தான் வரும்.

"சித்தி, ஞாயித்துக்கிழமை நான் கிளம்புறதுக்குள்ள ஒண்ணு செஞ்சு தர முடியுமா?"

மகளுக்கு வேறு ஊரில், பாலம் கட்டும் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. அதற்கான துணிமணி, பெட்டி, படுக்கை விரிப்பு எல்லாம் அப்பாவும் மகளுமாகவே வாங்கியாகிவிட்டது.

"சொல்லும்மா."

"அப்பாவோட ஹார்ட் டிஸ்க்ல எல்லா போட்டோவும் குப்பை மாதிரி கெடக்கு. அதுல அம்மாவை மட்டும் தனியாப் பிரிச்சு எனக்குக் குடுக்கணும். அப்பாகிட்ட நாலு வருஷமாக் கேக்குறேன். பாக்கலாம் பாக்கலாம்ங்கிறார். பாக்கவே மாட்டேங்கிறார்."

"அதுக்கென்ன, செஞ்சுட்டாப் போச்சு" என்று இவள் சாதாரணமாகச் சொன்னாள். மகள் போன பிறகு அடுப்பை அணைத்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே நின்றாள். முதல் தடவையாக அந்தப் பெண் தன்னிடம் நேராக ஒன்று கேட்டிருக்கிறது.

கணவர் கண்ணாடிக் கடைக்காரர். நாள் முழுக்க ஊரார் கண்ணையெல்லாம் பார்த்துவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் யார் கண்ணையும் பார்க்காமலே பேசிப் பழகியவர். முதல் மனைவி போன பிறகு பழைய போன்கள், கேமரா, கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் இருந்ததை ஒரே நாளில் வாரி ஒரு டிஸ்க்கில் கொட்டினார். பின்னால் சேர்ந்ததையும் அதே மாதிரி கொட்டினார். அதற்குப் பிறகு திறந்ததில்லை. இருபத்து மூவாயிரம் படம். பாதிக்கு மேல் எடுத்த தேதியே இல்லை, கொட்டிய தேதிதான் இருந்தது. ஒரே படம் மூன்று இடத்தில் கிடந்தது. குழந்தை, கடல், கழுவப்போட்ட வண்டி, கடை ரசீது, யாரோ ஒருவரின் கட்டைவிரல்.

மறுநாள் கூடத்தில் இதைச் சொன்னபோது கொசு சிரித்தான். கொசு என்பது ரத்தம் எடுக்கிறவனுக்குக் கூடத்தில் எல்லாருமாகச் சேர்ந்து வைத்த பெயர்.

"இதுக்குப் போய் கண்ணு வலிக்க உக்காருவாங்களா அக்கா? இலவச மென்பொருள் ஒண்ணு இருக்கு. படத்தைப் பாக்கலாம், வெட்டலாம், வெளிச்சம் கூட்டலாம். முக்கியமா, முகத்தை வச்சே ஆளாளுக்குப் பிரிச்சுக் குடுத்துடும்."

"இலவசம்னா பின்னாடி வந்து எதையாவது கேப்பானே?"

"ஒண்ணும் கேக்க மாட்டான். எங்கெங்கயோ இருக்குற நாலு பேரு அவங்க ஓய்வு நேரத்துல சேர்ந்து எழுதுனது. அது கேள்விதான் கேக்கும். பதில் சொல்லிக்கிட்டே இருக்கணும்."

கொசு அன்றைக்கே அதை அவளுடைய கம்ப்யூட்டரில் இறக்கிக் கொடுத்தான். அதைத் தமிழாக்கிய புண்ணியவான் நீதிமன்றத்தில் வேலை பார்த்தவராக இருக்க வேண்டும். 'இம்முகம் எவருடையது?' என்று அது கேட்கும்போதெல்லாம் இவளுக்குக் கூண்டில் ஏறி நிற்பது போல இருந்தது.

செவ்வாய் சாயங்காலம் இரட்டைப் படங்களைக் கழித்தாள். படுத்துக் கிடந்தவற்றை நிமிர்த்தினாள். புதன்கிழமை முகங்களுக்கு வந்தாள். முதல் மனைவியின் முகம் இவளுக்கு நன்றாகவே தெரியும். வீட்டு முன்னறைச் சுவரில் இருக்கும் படத்தைப் பதிமூன்று வருடமாகத் துடைக்கிறவள் இவள்தான். நாற்பது படங்களைத் தானே தேடியெடுத்து, பெயர்க் கட்டத்தில் 'அம்மா' என்று அடித்தாள். மென்பொருள் புரிந்துகொண்டது. மற்றவற்றை அதுவே தேடிக் கொண்டுவந்து, 'இவர் அம்மா தானா?' என்று கேட்டது. கீழே இரண்டே பொத்தான்கள். ஆம். அல்ல.

சுமுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று இவளுடைய முகத்தையே கொண்டுவந்து, 'இவர் அம்மா தானா?' என்றது.

அல்ல என்று அழுத்தினாள். அடுத்ததும் இவள்தான். அல்ல. அதற்கடுத்ததும். தன் முகத்துக்கு ஒரு பெயர் கொடுத்துவிட்டால் கேட்பதை நிறுத்திவிடும் என்று பக்கத்தில் குறிப்பு இருந்தது. பெயர்க் கட்டத்தில் 'சித்தி' என்று அடித்துப் பார்த்தாள். செத்துப்போனவளுக்காக உட்கார்ந்த வேலையில், கூட்டத்தோடு கூட்டமாகத் தானும் ஓர் இடத்தில் துண்டு போட்டு வைப்பது போல இருந்தது. அழித்துவிட்டாள். அல்ல, அல்ல என்று அழுத்திக்கொண்டே போனாள். முந்நூறு தடவைக்கு மேல் இருக்கும்.

படுக்கப் போகுமுன் முன்னறையில் சுவர்ப் படத்துக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றாள். மூக்கு ஒத்துப்போகவில்லை. முகவாயும் இல்லை. நெற்றி மட்டும் அகலம். அகல நெற்றி ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிறது. இருந்தாலும் அந்தக் கேள்வி சின்ன முள்ளாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

வியாழக்கிழமை கூடத்தில் இரண்டு பேர் வரவில்லை. இருநூற்று நாற்பது குழாய்கள் இவள் ஒருத்தி தலையில் விழுந்தன. வீட்டுக்கு வந்து கால்களை வெந்நீர் வாளிக்குள் விட்டபடி கம்ப்யூட்டரைத் திறந்தாள். மென்பொருள் ஒரு பக்கம் நிறைய முகங்களை அடுக்கி வைத்துக் காத்திருந்தது. அந்தப் பக்கத்தில் இருந்தது எல்லாமே முதல் மனைவிதான். மேலே ஒரு மூலையில் 'அனைத்தும் சரி' என்று ஒரு பொத்தான் இருந்தது. அடுத்தடுத்த பக்கங்களைப் புரட்டிப் பார்க்காமல் அதை அழுத்தினாள். கூடத்தில் ஒரு தடவைகூட அப்படிச் செய்தவள் அல்ல. மென்பொருள் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை அந்தத் தொகுப்பின் முதல் பக்கத்தில் இருந்த படங்களுக்கு வெளிச்சம் கூட்டினாள். ஃபிளாஷ் பட்டுச் சிவந்திருந்த கண்களைக் கறுப்பாக்கினாள். ஒரு படத்தில் முதல் மனைவியின் தோளை ஒட்டி நின்ற குப்பைத்தொட்டியை வெட்டி நீக்கினாள். நாளைக்குக் கொடுத்துவிடலாம்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மூன்று மணிக்கு மகள் பெட்டிக்குப் பூட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். கம்ப்யூட்டர் பக்கம் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"சித்தி... ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தாறா?"

"அவ்வளவா இருக்கு?" இவள் எண்ணிக்கையைக் கவனித்திருக்கவில்லை.

"அம்மா இவ்வளவு படத்துல இருக்காங்களா? நான் நூறு இருந்தாலே பெருசுன்னு நெனச்சேன் சித்தி. அப்பா எடுக்கவே மாட்டார்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்!" மகளின் கை இவள் தோளில் வந்து விழுந்தது. விழுந்த கை எடுக்கப்படாமல் அங்கேயே இருந்தது. "வெயில்ல வந்தேன், ஒரே கசகசன்னு இருக்கு. குளிச்சுட்டு வந்து முதல்லேர்ந்து ஒண்ணொண்ணாப் பாக்கப் போறேன். நீங்க எதையும் தொடாதீங்க, ஆமா!"

குளியலறைக்குள் பாட்டுச் சத்தம் கேட்டது. இவள் தொடவில்லை, சும்மா உருட்டித்தான் பார்த்தாள். ஒன்றாம் பக்கம், இரண்டாம் பக்கம். நாலாம் பக்கத்தில், பள்ளிக்கூட வாசலில், கையில் தண்ணீர்ப் பாட்டிலோடு இவளே நின்றுகொண்டிருந்தாள். அதற்குக் கீழே கடற்கரையில் இவள். சோபாவில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருக்கும் இவள். எல்லாவற்றுக்கும் கீழே அம்மா, அம்மா, அம்மா.

கடைசியாகச் செய்ததைப் பின்வாங்கும் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். அது குப்பைத்தொட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றுகொண்டது.

என்ன செய்வது? ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம்; பஸ்ஸில் போகும்போது பார்த்துக்கொள்ளட்டும். மெஷின் செய்த தப்பு என்று சொல்லலாம், நம்பவும் நம்புவாள். ஆனால் கூடத்தில் யாராவது மெஷின்மீது பழி போட்டால் முதல் ஆளாக எரிந்து விழுகிறவள் இவள். குளியலறையில் பாட்டு நின்றது.

மகள் தலையில் துண்டோடு நாற்காலியை இழுத்துப் போட்டபோது, இவள் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னாள்.

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்மா. பாக்காம எல்லாம் சரின்னு அழுத்திட்டேன். என்னையும் அம்மாவையும் ஒண்ணாப் போட்டுக் கலந்துடுச்சு."

மகளுக்கு முதலில் புரியவில்லை. கையை விலக்கிப் பார்த்தாள். பக்கம் பக்கமாக உருட்டினாள். உருட்ட உருட்ட முகம் வாடிக்கொண்டே போனது.

"அப்ப இதுல அம்மா எவ்வளவு?"

"பிரிச்சாத்தான் தெரியும். இவ்வளவு இருக்காது."

"நான் உங்ககிட்ட இத்தனை வருஷத்துல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், சித்தி."

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா?"

எழுந்து போனாள். பதிமூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்த அறைக் கதவு ஓங்கிச் சாத்தப்பட்டது. அதைக் கேட்டுச் சந்தோஷப்படக்கூட இவளுக்குத் தெம்பு இல்லை.

உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தாள். பஸ் காலை ஏழு மணிக்கு. தெளிவான படங்கள் எளிதாக இருந்தன. பழைய போன்களில் எடுத்ததுதான் பாடாய்ப் படுத்தியது. அரைமுகம், மங்கல், ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே நின்ற நிழல். அதே வீடு, அதே பச்சைச் சுவர், குளிர்காலத்துக்கென்று அலமாரியில் கிடந்து இருவரும் போட்டுத் தேய்த்த அதே பழுப்பு ஸ்வெட்டர். ஒரு கட்டத்தில் தன்னையே தனக்கு அடையாளம் தெரியவில்லை. இது நான்தானா என்று தன்னைப் பார்த்தே கேட்க வேண்டியதாயிற்று.

ஐந்து மணிக்குக் கணவர் வந்தார். அன்றைக்கு மகளுக்காகக் கடையைச் சீக்கிரமே அடைத்திருந்தார்.

"என்னம்மா, சமையல் எதுவும் ஆகலயா?"

"ஆகல."

"சரி, பரவால்ல. பாப்பு எங்க?"

"கோவமா உள்ள இருக்கா."

"கோவமாவா? யார்மேல?"

"என்மேல."

"உன்மேலயா?" என்றார். அதிசயமாக இருந்தது அவருக்கு. இவள் நடந்ததைச் சொன்னாள். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க கொஞ்சம் பாருங்களேன். எனக்குக் கண்ணு பூத்துப்போச்சு. இது யாருன்னு சொல்லுங்க."

அவர் ஓரக்கண்ணால் ஒரு தரம் பார்த்தார். வாசற்படியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு மெலிந்த பெண்.

"அவதான் இது."

"இது நான். டைபாய்டு வந்து எழுந்த வாரம் நீங்களே எடுத்தது. பக்கத்துல பாருங்க, எனக்குக் கஞ்சி வச்ச பாத்திரம்."

அவர் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, மூன்று நாளாக உள்ளே இருந்த முள் தானாகவே வெளியே வந்தது.

"ஏங்க, ஒண்ணு கேட்டா மழுப்பாமச் சொல்வீங்களா? அவங்க ஜாடைல இருந்தேன்னுதான் என்னைக் கட்டிக்கிட்டீங்களா?"

"யாரு சொன்னது?"

"இது சொல்லுது. முந்நூறு தடவை கேட்டுடுச்சு, இவர் அம்மா தானான்னு. இப்ப நீங்களும் சொல்லிட்டீங்க."

"அதுக்குக் கண்ணு சரியில்ல."

"உங்களுக்கு? நீங்க ஊருக்கே கண்ணு பாக்குறவராச்சே!"

அறைக் கதவு திறந்தது. மகள் கண்கள் சிவக்க வந்து நின்றாள்.

"ரெண்டு பேரும் மெதுவாப் பேசுறதா நெனப்பா? அந்தச் சுவருக்குக் காதே வலிச்சிருக்கும். நகருங்க சித்தி."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, எலிக்குட்டி போல மவுஸைச் சடசடவென்று ஓட்டினாள். கோபம் தீரவில்லை என்பது அந்த ஓட்டத்தில் தெரிந்தது. எங்கேயோ போய் நிறுத்தினாள்.

"இதுல கேக்கலயே."

"எதுல?"

"நீங்க வந்த வருஷம். பாருங்க, மெல்லிசா தங்கக் கலர்ல கண்ணாடி போட்டிருக்கீங்க. இதுல ஒரு படத்தைக்கூட அது அம்மான்னு சொல்லல. அந்தக் கறுப்புக் கண்ணாடி வந்தப்புறம்தான் எல்லாமே." அம்மாவின் படம் ஒன்றைப் பக்கத்தில் இழுத்து வைத்தாள். தடித்த கறுப்புச் சட்டம், ஓரத்தில் பூனைக்கண் போல மேலே தூக்கியிருந்தது. இரண்டு முகத்திலும் பாதியை அதுதான் மறைத்தது. "ப்பா. ரெண்டு பேருக்கும் ஒரே பிரேமா?"

கண்ணாடிக் கடைக்காரர் தன் சட்டைப் பொத்தானைப் பார்த்தார்.

"உங்கம்மா கண்ணாடியைக் கழட்டி நாற்காலில வைப்பா. அப்புறம் அதுமேலயே உக்காருவா. மாசம் ஒண்ணு உடையும். அந்தப் பிரேம்தான் அவளுக்குப் பிடிக்கும். அந்த மாடலே நிக்கப் போகுதுன்னாங்க, அதனால நாலு வாங்கி வச்சேன். அவ போறப்ப மூணு பாக்கி இருந்துச்சு."

அவரே மேலே சொன்னார்.

"கடைல வச்சு விக்க மனசு வரல. பீரோவுல வச்சுத் தெனம் பாக்கவும் முடியல. அப்ப உன் கண்ணாடி உடைஞ்சுதா..."

"என் மூஞ்சில மாட்டி விட்டுட்டீங்க" என்றாள் இவள்.

"நல்ல பிரேம்மா அது. ரெண்டு பிரேம்ல பதினோரு வருஷம் ஓடியிருக்கே."

"அப்பா, தயவுசெஞ்சு இதுக்கு மேல பேசாதீங்க" என்றாள் மகள். சொல்லும்போதே அவளுக்கு உதடு துடித்தது. அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரிந்திராது.

இவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வேறொரு நாளாக இருந்தால் வந்தும் இருக்கும். இப்போது கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மூக்கில் அது பதித்திருந்த தடத்தை விரலால் தேய்த்துவிட்டுக்கொண்டாள். முகம் இல்லை, சட்டம்தான். இவ்வளவுதானா என்று ஓர் ஆறுதல். இவ்வளவு வருஷமா சொல்லாமலே இருந்தாரே என்று ஓர் அலுப்பு. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததில் எதற்கு முகம் கொடுப்பது என்று தெரியவில்லை.

"நேரம் போகுது. மொதல்ல பிரிங்க" என்றாள்.

மகள் இவள் முகம் ஒன்றை எடுத்தாள். பெயர்க் கட்டத்தில் கடகடவென்று 'சித்தி' என்று அடித்து, என்டரைத் தட்டினாள். அடித்ததை நின்று பார்க்கவில்லை; அடுத்த படத்துக்குப் போய்விட்டாள்.

"நான் கூட இருக்குற படத்தையெல்லாம் எங்கிட்ட விடுங்க. என் பல்லைப் பாத்தாப் போதும். பால் பல்லுன்னா அம்மா. பெரிய பல்லுன்னா நீங்க."

"நடுவுல பல்லே இல்லாம ஒரு முழுச் சிரிப்பு இருக்கே" என்று இவள் தொகுப்பில் சேராத ஒரு படத்தைக் காட்டினாள்.

"அப்ப யாருமே இல்ல சித்தி. நானும் அப்பாவும்தான்."

சொன்னது சாதாரணமாகத்தான். கணவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். வந்து, முதல் தடவையாகத் திரைக்கு நேரே உட்கார்ந்தார்.

"முகத்தைப் பாத்துச் சொல்லுன்னா எனக்கு வராது. பாத்தா எல்லாமே அவளாத் தெரியுது. லென்சைப் பெருசாக்கிக் காட்டு, சொல்றேன்."

மகள் பெரிதாக்கினாள். அவர் மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார்.

"இது உங்கம்மா. அவளுக்கு மைனஸ் நாலரை. பாரு, கண்ணாடிக்குள்ள தெரியுற கன்னத்தோட ஓரம் உள்பக்கமாத் தள்ளி நிக்குது. வெளில இருக்குற கன்னத்தோட சேரவே இல்ல பாரு. சித்திக்கு முக்கால்தான். கோடு நேராப் போகும்." அடுத்தது. "இது சித்தி." அடுத்தது. "சித்தி." அடுத்ததில் கொஞ்சம் தாமதித்தார். "இது அவ."

அப்படியே போயிற்று. மகள் பல் பார்த்தாள், அவர் லென்ஸ் பார்த்தார், இவள் இருவரும் சொன்னதை ஒரு தடவை திருப்பிக் கேட்டு, பெயரைப் போட்டு, போட்டதைப் படித்துப் பார்த்தாள். ஓரிரு இடத்தில் அப்பாவுக்கும் மகளுக்கும் முட்டிக்கொண்டது. "ப்பா, அது பெரிய பல்லு!" "பல்லு கெடக்கட்டும், லென்சைப் பாரு!" இவள் அந்தப் படத்தில் மேசைமேல் இருந்த தன் கூடத்து அடையாள அட்டையைக் காட்டி வழக்கை முடித்துவைத்தாள். மென்பொருள் ஒரு பக்கமாக அமைதியாகக் கற்றுக்கொண்டிருந்தது. போகப் போகத் தானே சரியாகச் சொல்லவும் ஆரம்பித்தது. ஏழரைக்கு முடிந்தது.

இடது ஓரத்தில் எண்கள் வந்து நின்றன. சித்தி, 1208. அம்மா, 611.

மகள் அந்த இரண்டாவது எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் குளியலறையில் கேட்ட பாட்டு இவளுக்கு நினைவில் வந்தது. ஒரு குளியல் நேரத்துக்கு அந்தப் பெண்ணின் அம்மாவை மூன்று மடங்கு ஆக்கிக் காட்டிவிட்டு, இப்போது அதைப் பறித்தாயிற்று. செத்துப்போனவளைவிட இரண்டு மடங்கு இடத்தில் தான் உட்கார்ந்திருப்பதும் கூச்சமாக இருந்தது.

"கம்மியாப் போச்சு இல்லம்மா?"

"அவ்வளவுதான் சித்தி. ஆறு வருஷம்தானே" என்றாள் மகள். கொஞ்சம் பொறுத்து, "நூறு இருந்தாப் போதும்னுதானே நெனச்சேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இன்னும் இருபத்தேழு படம் எந்தக் கணக்கிலும் சேராமல் நின்றது. முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பது, ஈரத் தலையைத் துவட்டுவது, கதவிடுக்கில் அரை முகமும் பழுப்பு ஸ்வெட்டரின் ஒரு கையும். பல்லும் இல்லை, லென்சும் இல்லை. கணவர் கையை விரித்துவிட்டு, சமையலறையில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போனார்.

"இதையெல்லாம் அம்மாவுலயே சேத்துடு" என்றாள் இவள்.

"நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது. எனக்கு இருக்குறது போதாதா? அவங்களுக்கு ஒரு இருபத்தேழு கூடட்டுமே. யாருக்குத் தெரியப் போகுது?"

சொன்ன பிறகுதான், பேசுகிறது யார் என்று இவளுக்கே உறைத்தது. பதினெட்டு வருடத்தில் ஒரு குழாய்க்குக்கூட இப்படிச் சொன்னதில்லை. மகளும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். திரும்பி இவளை ஒரு மாதிரி பார்த்தாள்.

"எனக்குத் தெரியுமே சித்தி. வேண்டாம்."

"அப்ப அதை விட்டுடு."

"எதுக்கு விடணும்?" மகள் புதிதாக ஒரு தொகுப்பு திறந்தாள். 'ரெண்டு பேருல ஒருத்தர்' என்று அடித்தாள். இருபத்தேழையும் அதற்குள் தள்ளினாள். பென் டிரைவைச் செருகி, "மூணையும் ஏத்துங்க" என்றாள்.

"மூணா? நீ அம்மாவை மட்டும்தானே கேட்ட?"

"அது திங்கக்கிழமை கேட்டது."

இவள் மூன்றையும் தேர்ந்தெடுத்தாள். இடம் போதாது என்று மென்பொருள் தன் நீதிமன்றத் தமிழில் அறிவித்தது.

"என்னோடதை எடுத்துடும்மா. நான்தான் இங்கயே இருக்கேனே. போன்ல பேசுனா மூஞ்சியைப் பாத்துக்கலாம்."

"உள்ள தொடர் ஒண்ணு பதினாறு பாகம் கெடக்கு. அதை அழிச்சுடலாம்."

"பாத்துட்டியா?"

"பத்து வரைக்கும்."

"ஐயோ, முடிவு தெரிய வேண்டாமா? பஸ்ல பதினோரு மணி நேரம் என்னத்தைப் பாப்ப?"

மகள் பதினாறையும் அழித்தாள். திரையின் அடியில் பச்சைக் கோடு ஒன்று கிளம்பி, நகர்கிறதா இல்லையா என்று தெரியாமல் நகர ஆரம்பித்தது. முப்பத்தெட்டு நிமிடம் ஆகும் என்று போட்டது. சமையலறையில் ஒரு மூடி கீழே விழுந்து உருண்டது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று கணவரின் குரல் வந்தது.

எழுந்து போகலாம் என்று நினைத்தாள். கால்கள் கேட்கவில்லை. பக்கத்தில் பூட்டிவைத்திருந்த மகளின் பெட்டிமேல் இரண்டையும் தூக்கி வைத்துக்கொண்டாள். புதுப் பெட்டி, எடுத்துவிட வேண்டும் என்றும் தோன்றியது, எடுக்க முடியவில்லை. மகள் பச்சைக் கோட்டைப் பார்த்தபடியே குனிந்து, கால் தொங்காமல் இருக்கும்படி பெட்டியை அருகில் இழுத்துவிட்டாள்.